இடது பக்கக் கிழிசல்

பலோம்பாவின் வாய்க்கு எங்கள் பேட்டையே பயப்படும். சலோனிக்காவில் ரயில் நிலையத்தை ஒட்டி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த பேட்டை அது. புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிப்பது அவளுக்கு வேலை. மேஸ்திரிகூட அவள் உட்கார்ந்திருக்கிற வரிசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். எடையில் ஏமாற்றுகிற ரொட்டிக்காரன், தெருவில் கழிவுநீரைக் கொட்டுகிறவள், ஜெபத்துக்குத் தாமதமாக வருகிற பெரியவர் என்று யாரையும் அவள் விட்டதில்லை.

அவள் பேச்சைத் துளிக்கூட மதிக்காத ஒரே ஆள், பெற்ற பிள்ளைதான். சபெத்தாய்க்கு இருபத்திரண்டு வயது. சனிக்கிழமை ஓய்வுநாள், நெருப்புத் தொடாதே என்றால் வாசலிலேயே நின்று சிகரெட் பற்றவைப்பான். கணவாய் மீன் நமக்கு விலக்கு என்றால், துறைமுகத்துக் கடையில் கணவாய் வறுவல் தின்றுவிட்டு வந்து அம்மா முகத்துக்கு நேரே ஏப்பம் விடுவான். "உன் சட்டத்தையெல்லாம் மூட்டை கட்டினா அப்பாவாலயே தூக்க முடியாதும்மா" என்பான். அப்பா யோம்தோவ் சிரித்துக்கொள்வார். பியானோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோன மனிதர் அவர். ஆனால் இந்த இருவர் நடுவே ஒரு வார்த்தையை எடுத்து வைக்க அவருக்குத் தெம்பு கிடையாது.

அந்த மனிதர்தான் செத்துப்போனார். போன கோடையில், ஊரைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் யூத ஆண்களைச் சாலை போடப் பிடித்தார்கள். ஆணை வந்தது சபெத்தாய் பேருக்கு. அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். "அவங்களுக்கு ஒரு யூதன் குறையக்கூடாது, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அப்பா போய் வரிசையில் நின்றுகொண்டார். கல் உடைத்து, குட்டைத் தண்ணீரைக் குடித்து, மலேரியாவோடு திரும்பி வந்தார். குளிர்காலம் முழுக்க நடுங்கிக்கொண்டே படுத்திருந்தவர், ஊரில் யூதர்கள் எல்லோரும் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்ட அதே வாரத்தில் கண்ணை மூடினார்.

அந்த நட்சத்திரத்தை என்னவென்று சொல்ல. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி, அதன் மேல் ஒரு எண். அதே எண் கையிலிருக்கும் அடையாள அட்டையிலும் இருக்கும். ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். மேல் உடுப்பில், இடது மார்பில், பிரியாமல் தைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் தெருவில் நடந்தால் சுடுவார்கள். படுக்கையை விட்டு எழுந்திருக்காத யோம்தோவுக்கும் இரண்டு வந்தன. "இவர் எந்த ஊர்வலத்துக்குப் போறார்னு அனுப்பியிருக்கான் பரதேசி" என்று பலோம்பா அவற்றைத் தூக்கி அலமாரிமேல் எறிந்தாள்.

பழைய இடுகாட்டை ஏற்கெனவே இடித்து, கல்லறைக் கற்களை வீடு கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் யோம்தோவைப் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் துக்கக் கிழிப்பு. செத்தவருக்காக உடுத்திய உடுப்பைக் கிழித்துக்கொள்ள வேண்டும். மனைவி மக்கள் என்றால் வலது பக்கம். அப்பா அம்மா என்றால் இடது பக்கம், இதயத்துக்கு மேலே.

அடக்கம் செய்கிற சங்கத்துப் பெரியவர் கத்தியை எடுத்துக்கொண்டு சபெத்தாயின் கோட்டுக்குக் கிட்டே வந்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

"வலது பக்கம் கிழிச்சுக்கலாமே. உயிருக்கு ஆபத்துன்னா பாவமில்ல."

"என் புருஷன் என்ன அவனுக்கு ஒண்ணுவிட்ட மாமாவா, வலது பக்கம் கிழிக்க?" என்றாள் பலோம்பா. "இடது பக்கம் பெத்தவனோட இடம். அங்க வந்து துணியைத் தைக்கச் சொன்னவன் பண்ணதுதான் பாவம். நீங்க கிழிங்க."

"அம்மா, நட்சத்திரத்துல கத்தி பட்டா நாளைக்கே இன்னொரு குழி வெட்டணும்."

"பக்கத்துல கிழிக்கத் தெரியாதா அவருக்கு? நீ வாயை மூடிட்டு நில்லு."

பெரியவர் காலருக்குக் கீழே, நட்சத்திரத்துக்கு விரல்கடை தள்ளி, கத்தியால் நேராக ஒரு வெட்டுப் போட்டார். மீதியைப் பிள்ளைதான் கையால் கிழிக்க வேண்டும். சபெத்தாய் அதைப் பிடித்து இழுத்தான். ஒரு கை அகலத்துக்குத் துணி கிழிந்தது.

"போதுமா? இல்ல, இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு. ஏழு நாளைக்குள்ள வேற கோட்டு மாத்தினா அதையும் கிழிக்கணும். மத்தவங்களுக்கு இல்ல, பெத்தவங்களுக்கு மட்டும். கிழிச்சதை அப்புறம் ஒழுங்காத் தைக்கவும் கூடாது, ஆயுசுக்கும்."

"மாத்தறதுக்கு எங்கிட்ட எத்தனை கோட்டு தொங்குதாம்? சட்டம் எழுதினவன் நம்ம வீட்டை வந்து பார்க்கல போல."

துக்கத்துக்கு வந்திருந்த ஒருத்தி சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்துக்கொண்டாள். பலோம்பா மகனை முறைத்தாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற பயல், இதையும் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

ஏழு நாள் துக்கத்துக்குத் தரையில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தவர் அவித்த முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பேசுகிறவர்கள் தணிந்த குரலில்தான் பேசினார்கள். நான்காம் நாள் காலை வெளியே சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேட்டையைச் சுற்றிப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தோடு சத்தமாக ஸ்மாரோ உள்ளே வந்தாள். கிரேக்கக் கிறிஸ்தவப் பெண், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. கிடங்கில் பதினெட்டு வருஷமாகப் பலோம்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை பிரிக்கிறவள். பலோம்பாவின் வாய்க்கு வாய் கொடுக்கிற ஒரே பெண்பிள்ளையும் அவள்தான். அல்பேனியப் போரில், பனியில் கால் அழுகி ஒரே மகனைப் பறிகொடுத்தவள். வந்தவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏண்டி, உன் மகனை இன்னுமா உட்கார வெச்சிருக்க? வேலி அடிக்கறானுங்க. ரயில் நிலையத்துல சரக்குப் பெட்டியா வந்து நிக்குது. பூட்டினா அப்புறம் ஈ எறும்பு வெளிய வராது."

"ஏழு நாள் முடியட்டும்டி."

"ஏழு நாள் முடியறப்ப வாசல் இருக்காது. கரிக்காரன் பனாயோத்தி நாளைக்குக் காலைல காலி வண்டியோட வர்தார் ஆத்துப் பாலத்தைத் தாண்டிப் போறான். மலையில ஜெர்மன்காரனை எதிர்த்துச் சண்டை போடற ஆளுங்க இருக்காங்க. எடுபிடிக்கு ஒரு ஆள் கூட வரலாம்ங்கறான். உன் மகன் போறானா, இல்ல நான் வேற வீட்டுக் கதவைத் தட்டட்டுமா?"

பலோம்பா சுவரைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் சட்டத்துக்கு விலக்குக் கொடுத்ததே இல்லை. கல்யாணத்துக்கும் கொடுத்ததில்லை, பஞ்சத்திலும் கொடுத்ததில்லை. ஊர் முழுக்கப் பசியில் விழுந்து செத்த குளிர்காலத்திலும் ஆகாத இறைச்சி அவள் சட்டியில் ஏறவில்லை. ஆனால் இது ஒற்றைப் பிள்ளை.

"சபெத்தாய். கிளம்புடா."

"உன்னை விட்டுட்டா? போம்மா."

"நான் எங்க போனாலும் வாயால பொழைச்சுக்குவேன். உனக்கு அதுவும் கிடையாது. கிளம்பு."

"ஏழு நாள் உட்காராம எழுந்தா பாவமாச்சே. யார் சொன்னது? நீதான் சொன்ன."

"அந்தப் பாவம் என் தலையில விடியட்டும். நான் பார்த்துக்கறேன்."

அவன் சிரிக்கப்போனான், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "அப்பா எம் பேருக்குப் போனார். இப்ப நீயும் இங்கயே இருந்துட்டா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. பலோம்பா முடிக்கவிடவில்லை. நீ பிழைத்தால்தான் அவர் போனதுக்கு அர்த்தம், உயிரோடு இரு, எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றாள். அவள் கெஞ்சி அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு பெண்களும் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஒன்று விடாமல் யோசித்தார்கள். பழைய கோட்டிலிருந்து நட்சத்திரத்தைப் பிரித்தால் ஊசி போன துளை தெரியும். பக்கத்தில் கிழிசல் வேறு, எங்களைச் சுற்றி வளர்ந்த எவனுக்கும் அந்தக் கிழிசல் இன்னதென்று தெரியும். அதனால் கோட்டையே மாற்ற வேண்டும். வீட்டில் வேறு பாஷை பேசுகிற எங்கள் ஆட்கள் கிரேக்கம் பேசினால் ஒரு மாதிரி இழுக்கும், வாயைத் திறந்ததுமே யூதன் என்று தெரிந்துவிடும். அதனால் பல்வலிக்காரன் மாதிரி தாடையைச் சுற்றித் துணி கட்ட வேண்டும். முகத்திலும் கையிலும் கரி. பனாயோத்தியின் அண்ணன் மகன் பேரில் ஒரு காகிதம். கழுத்தில் சிலுவை.

ஸ்மாரோ போய்க் கோட்டைக் கொண்டுவந்தாள். செத்துப்போன மகனுடையது. அந்துருண்டை வாசனையோடு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஒரு பொத்தான்கூட ஆடாது. அவன் லீவுல வந்தா போட்டுக்குவான்னு தொவைச்சு வெச்சது. நான் கை வெக்கவே இல்ல" என்றாள். "சண்டை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும், சொல்லிட்டேன். எங்கயாவது கிழிச்சுக் கொண்டாந்தேன்னா, உங்க அம்மாவைச் சும்மா விடமாட்டேன்."

விடியற்காலையில் பலோம்பா தன் கையாலேயே மகன் கழுத்தில் சிலுவையை மாட்டிவிட்டாள். தானா இது என்று அவளுக்கே இருந்தது. தாடைத் துணியின் முடிச்சை இறுக்கினாள். அவன் குனிந்து அவள் கையை எடுத்து முத்தமிட்டான். பண்டிகைக்குக்கூட வற்புறுத்தினால்தான் அதைச் செய்வான். இன்னும் அடைக்காத பலகை இடைவெளி வழியாக ஸ்மாரோவின் பின்னால் போய்விட்டான்.

அவன் போனதும் பலோம்பா பழைய கோட்டை நட்சத்திரத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். நட்சத்திரம் இல்லாமல் போய்விட்டான் என்று யாரும் கண்டுபிடிக்கக்கூடாது. கேட்டவர்களிடம் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். மீதி நாட்களைத் தரையில் தனியாகவே உட்கார்ந்து கழித்தாள். சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இந்நேரம் பாலம் தாண்டியிருப்பான், இந்நேரம் மலையடிவாரம், இந்நேரம் எவனோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். புருஷன் போன துக்கத்தின் நடுவே இப்படி நெஞ்சு லேசாகிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வேலியில் வாசல் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பூட்டட்டும். அவளுக்கு உள்ளே வைத்துப் பூட்ட இனி ஒன்றுமில்லை.

முதல் ரயிலில் யார் யார் போக வேண்டும் என்று பேட்டையில் அறிவித்தார்கள். போலந்துக்காம், அங்கே வேலை கொடுப்பார்களாம். பலோம்பா வீட்டுப் பேரும் அதில் இருந்தது. அன்று மத்தியானம் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனைத் தள்ளிவிட்டுப் போனார்கள். சுட்டிருக்க வேண்டிய ஆள்தான், ரயிலுக்குத் தலைக்கணக்கு வேண்டியிருந்ததால் விட்டு வைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு கண் மூடியே இருந்தது. உதடு கிழிந்து காய்ந்திருந்தது. தாடைத் துணி இல்லை. பலோம்பா முகத்தைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். ஸ்மாரோவின் மகன் கோட்டு. இடது பக்கம், காலருக்குக் கீழே, நேராக ஒரு கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது.

அவனைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"அடிச்சப்ப கிழிஞ்சதாடா?" அப்படித்தான் என்று சொல்லிவிடமாட்டானா என்று இருந்தது.

"இல்லம்மா. நான்தான்."

"எப்ப?"

"ஊர் எல்லை தாண்டினப்பறம். பனாயோத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தான். கத்தி அவனோடது."

"ஏண்டா?"

"நீதானே சொன்ன. ஏழு நாளைக்குள்ள வேற கோட்டு மாத்தினா அதையும் கிழிக்கணும்னு."

பலோம்பா கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் போய்க் காய்ச்சல் வந்தது. அவர் போனார்" என்றான் சபெத்தாய். "அவருக்குன்னு நான் என்னம்மா செஞ்சேன்? ஏழு நாள் உட்காரல. ஜெபம் சொல்லல. கழுத்துல சிலுவையை மாட்டிக்கிட்டுப் போறேன். புதுக்கோட்டு வேற, எவன் வீட்டுக் கல்யாணத்துக்கோ போற மாதிரி. வண்டியில உட்கார்ந்து அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். இது ஒண்ணுதான் கையில இருந்துச்சு. செஞ்சுட்டேன்."

"பாலத்துல?"

"பாலத்துக் காவல்காரன் காகிதம் பார்த்தான். சிலுவை பார்த்தான். சரி போங்கடான்னுட்டான். வண்டியில ஏறறதுக்குக் கையைத் தூக்கினேன், கோட்டு விரிஞ்சுது. நம்ம பக்கத்துல வளர்ந்தவன் போலம்மா. நம்ம பாஷைலயே கேட்டான். அதட்டலா இல்ல, துக்கம் விசாரிக்கற மாதிரிதான். 'அப்பாவா, அம்மாவா?'ன்னான்."

"நீ பேசக்கூடாதுன்னுதானேடா துணி கட்டிவிட்டேன்."

"அப்பான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லுவேன்? அவர் எங்கப்பாவே இல்லன்னா?"

பனாயோத்தியையும் அடித்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றான். பலோம்பா காதில் அது ஏறவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனை சொல்லியிருப்பாள். சிகரெட்டை விடு, கணவாயைத் தொடாதே, ஜெபத்துக்குப் போ, குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்காதே. ஒன்றையாவது கேட்டானா? பேட்டையே கேட்டது, இவன் கேட்கவில்லை. கேட்காமலே நன்றாகத்தான் வளர்ந்தான்.

"ஆயுசுல ஒரு நாள் என் பேச்சைக் கேட்டதில்ல. இதைப் போய் ஏண்டா கேட்ட?" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. புருஷனுக்கு அழுததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

சாயங்காலம் வேலி வாசல் காவலாளி வந்து எட்டிப் பார்த்து, விடிவதற்குள் இந்தக் கோட்டில் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆளுக்கு இரண்டு கொடுத்தார்களே, அதில் அவனுடைய இரண்டாவது மிச்சமிருந்தது. பலோம்பா ஊசியில் நூல் கோத்தாள். கோட்டை அவன் கழற்றவில்லை, குளிரில் உடம்பு நடுங்கியது. உடம்போடு வைத்தே தைத்தாள். இந்தத் தடவை கிழிசல் கொஞ்சம் தாழ இறங்கியிருந்தது, நட்சத்திரத்தை அதை மூடித்தான் வைத்தாக வேண்டும்.

"கிழிசலைச் சேர்த்துத் தைச்சுடாதேம்மா."

"எனக்கே சட்டம் சொல்றியா நீ?" என்றாள். ஆனால் ஊசியைக் கிழிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டும்தான் விட்டாள். மேலே மஞ்சள் துணி இறுக்கமாக இருந்தது. அடியில் துணி பிரிந்தபடியே இருந்தது. யோம்தோவுக்குச் சேர வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் எல்லோரையும் ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். தூரம் ஒன்றும் இல்லை, அந்த ரயில் சத்தத்தில்தான் அந்தப் பேட்டையே தூங்கி எழுந்தது. பாதைக்கு அப்பால் ஸ்மாரோ நின்றிருந்தாள். கோட்டைத்தான் முதலில் பார்த்தாள், அதன் மேல் நட்சத்திரத்தைப் பார்த்தாள், கையை வாயில் வைத்துக்கொண்டாள். கிழிசல் அவளுக்குத் தெரிந்திருக்காது. அது தெரியாமல் இருந்ததே பலோம்பாவுக்குப் போதும் என்றிருந்தது.

பெட்டிக்குள் ஏற்றியபோது நெரிசலில் ஆண்களை ஒரு பக்கமாகத் தள்ளினார்கள். கதவு கிட்டே வந்ததும் சபெத்தாய் திரும்பி அம்மாவைப் பார்த்தான். வீங்கிய முகத்தோடு சிரிக்கப் பார்த்தான்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லாம வர்ற? ஏதாவது சொல்லேன். இப்பதான் கேக்கப் பழகியிருக்கேன்."

என்கூடவே இரு என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருவேளை ஆண்களோடு போனால்தான் பிழைப்பானோ. போ என்று சொல்ல நினைத்தாள். போகிற இடம் எதுவென்று யாருக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளை இனி அப்படியே செய்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பேட்டையை ஆட்டிவைத்த பலோம்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து தள்ளினார்கள்.